ஒரே சட்டை, ஒரே வீடு

நீர்யானைக் குளத்தின் முன்னால் வண்டியை நிறுத்தியதும் ரிவர்ஸ் அண்ணன் வாயைத் திறக்க மாட்டார். மோட்டாரை அணைத்துவிட்டு, ஸ்டியரிங் மேல் இரண்டு கைகளையும் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் எழுந்து எட்டிப் பார்ப்பார்கள். பச்சைத் தண்ணீர்தான் தெரியும்.

"ஒண்ணுமே இல்ல மாமா."

"லீவுல போயிருக்கா?"

அவர் அசைய மாட்டார். சற்று நேரத்தில் தண்ணீருக்கு மேல் இரண்டு சின்னக் காதுகள் சிலுப்பிக்கொள்ளும். அப்போதுதான் பேச ஆரம்பிப்பார்.

"காது தெரியுதா? அதுக்குக் கீழ கண்ணு. முன்னால மூக்கு. மூணும் மொட்டை மாடியில இருக்கு. உடம்பு முழுக்கக் கீழ் வீட்டுல. மாடியில நின்னு தெருவைப் பார்க்கிற மாதிரி, யாருக்கும் தெரியாம எல்லாத்தையும் பார்த்துட்டு இருக்கு."

பிள்ளைகள் உடனே சீட்டில் சரிந்து, முன் கம்பிக்கு மேல் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற மாதிரி ஒளிந்துகொள்வார்கள். அதற்குள் வண்டி பின்னால் நகர ஆரம்பித்திருக்கும். வழியில் அம்புக்குறி போட்டிருப்பது சிங்கத்தை நோக்கி. இவர் அதற்கு எதிர்ப்பக்கம், வந்த வழியே போய் முதலைக் குட்டையில் நிறுத்துவார். அங்கேயும் தண்ணீருக்கு மேல் கண், மூக்கு. பிறகு அங்கிருந்து வளைந்து தவளைக் கண்ணாடிப் பெட்டி. கட்டைவிரல் அளவு தவளை. அதற்கும் கண், மூக்கு, மொட்டை மாடியில்.

"மூணு பேரும் யாரு?" என்று கேட்பார்.

"அண்ணன் தம்பி" என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். அப்படித்தான் அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒன்பது வருஷமாக.

நான் அந்த வண்டியின் கடைசி சீட்டில், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவள். பிள்ளைகள் ஏறினதும் பக்கச் சங்கிலியை மாட்டுவது, இறங்கும்போது தலையை எண்ணுவது, அழுகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பது என் வேலை. அவர் என்னை "கடைசி சீட்டு" என்றுதான் கூப்பிடுவார். இங்கே நான் எழுதுகிறதில் பாதி, என் முதுகுக்குப் பின்னாலிருந்து காதில் விழுந்தது. மீதியைத் திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மிருகக்காட்சி சாலைக்கு வருவதற்கு முன் பதினெட்டு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். பொழுது விடியுமுன்னே கிளம்புகிற வேன். ஒரு மழைக்காலத்தில் எதிர்வண்டி விளக்கு கண்ணைக் கூசச் செய்து, நடைபாதை மேல் ஒரு சக்கரத்தை ஏற்றிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவரே போய்க் கண்ணைச் சோதித்துக்கொண்டார். பகலில் பழுதில்லை, இருட்டில் ஓட்டக் கூடாது என்றார்கள். மறுநாளே வேன் சாவியைக் கொடுத்துவிட்டார். "பிள்ளைங்களை ஏத்துற வண்டியில 'பார்த்துக்கலாம்'னு ஒரு வார்த்தை கிடையாது" என்பார். அப்புறம்தான் இந்த பேட்டரி வண்டி. பகலில் மட்டும் ஓடுவது, மனிதன் வேகமாக நடந்தால் முந்திவிடலாம்.

வந்த புதிதில் அவரும் அம்புக்குறிப்படிதான் ஓட்டினார். ஒரு நாள் முன் சீட்டுப் பையன் ஒருவன் நீர்யானையைப் பார்த்து, "முதலை மாதிரி பார்க்குது" என்றான். அவர் யோசித்தார். பிறகு வண்டியை ரிவர்ஸில் போட்டார். எச்சரிக்கை மணி கீங் கீங் என்று அடிக்க, நூறு அடி பின்னால் போய் முதலையைக் காட்டினார். அன்றிலிருந்து அந்தப் பேர். டிக்கெட் கவுண்டரில் வைத்த பேர்தான். "ரிவர்ஸ் வந்துட்டாரா?" என்று மைக்கிலேயே கேட்பார்கள்.

வருஷம் ஆக ஆக அவருடைய வழி வளர்ந்தது. பச்சோந்தியைக் காட்டிவிட்டு மீன் கூடத்துக்கு ஓட்டிப் போய்க் கடல்குதிரையைக் காட்டுவார். இரண்டுக்கும் கண்கள் தனித்தனியாகச் சுழலும். ஒன்று மேலே பார்த்தால் மற்றது கீழே பார்க்கும். இரண்டும் வாலைக் கம்பியில் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். ஆந்தையைக் காட்டிவிட்டுத் தேவாங்கு. "ரெண்டும் நைட் டூட்டி. அதான் கண்ணு தட்டு மாதிரி." முள்ளம்பன்றியைக் காட்டிவிட்டு முள்ளெலி. ஒரு புத்தகம் பார்த்ததில்லை. எல்லாம் அவர் கண்ணால் கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததற்கெல்லாம் ஒரே விளக்கம்: அண்ணன் தம்பி.

அந்த வருஷம் புதிதாக மேலாளர் அம்மா வந்தார். பென்சிலைக் கொண்டையில் சொருகிக்கொண்டு, அதை மேஜையில் தேடுகிறவர். கெட்டவர் இல்லை. வந்த மாதமே ஐந்து வண்டிகளிலும் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டச் சொன்னார். ஒன்று முதல் இருபத்தெட்டு வரை கூண்டுகளின் வரிசைப்படி வண்டி போகும். ஒவ்வொரு கூண்டுக்கும் பதிவு செய்த குரல் பேசும். முப்பத்தைந்து நிமிடத்தில் சுற்று முடியும். ஓட்டுநர் ஓட்டினால் போதும்.

ரிவர்ஸ் அண்ணன் அந்த அம்மாவின் அறைக்குப் போனார். சாட்சிக்கு என்னையும் கூட்டிப் போனார். சாட்சி கதவுக்குப் பக்கத்தில் நின்றது.

"மத்த நாலு வண்டிக்கும் மாட்டுங்கம்மா. சின்னப் பிள்ளைங்க வண்டிக்கு மட்டும் வேணாம்."

"ஏன் வேணாம்?"

"அந்தப் பெட்டி கேள்வி கேட்டா பதில் சொல்லாது."

மேலாளர் அம்மா ஒரு தாளைத் திருப்பி அவர் பக்கம் வைத்தார். "உங்க வண்டி ஒரு சுத்துக்கு அம்பத்தஞ்சு நிமிஷம் எடுக்குது. நாலு மணி சுத்துக்கு சார்ஜ் இருக்கிறதில்ல. போன மாசம் ஆறு நாள், வரிசையில நின்ன பிள்ளைங்க ஏறாமலே திரும்பிப் போயிருக்காங்க. உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. நாலு மணிக்கு வண்டி கொட்டகைக்குப் போய்விடும். வரிசையை அவர் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். சொன்னதில்லை.

"ஆறு நாளா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "நான் முப்பத்தஞ்சுல முடிச்சா?" என்றார்.

"முடிங்க. அதோட, நீங்க சொல்றதெல்லாம் சரின்னு நம்ம மிருக டாக்டர் கையெழுத்துப் போடட்டும். ரெண்டும் இருந்தா உங்க வழி உங்களுக்கு. இல்லேன்னா பெட்டி. பத்து நாள் டைம்."

வெளியே வந்ததும், "டாக்டர் கையெழுத்து கஷ்டமில்ல. நேரத்தைத்தான் பிடிக்கணும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மிருக டாக்டர் மறுநாளே ஏறிக்கொண்டார். நெட்டையான மனிதர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், பக்கத்தில் வந்தாலே மருந்து வாசம். என் பக்கத்தில் பின்படியில் நின்றுகொண்டு ஒரு சுற்று முழுக்கக் கேட்டார். சிரிக்கிற இடத்தில் சிரித்தார். அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பிள்ளைகள் இறங்கிப் போனபின் கேட்டார்:

"அண்ணன் தம்பின்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"பார்த்தாலே தெரியுதே டாக்டர்."

"பார்த்தாலே தெரியும்னா என்னை எதுக்கு ஏழு வருஷம் படிக்க வெச்சாங்க?" டாக்டர் முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார். "நீர்யானை குட்டி போட்டுப் பால் குடுக்கும். முதலை முட்டை போடும். ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. இன்னிக்கு உயிரோட இருக்கிறதுல முதலைக்கு நெருங்கின சொந்தம் யாரு தெரியுமா? கோழி, காக்கா, மயிலு. பறவைங்க."

"கோழியா?"

"கோழிதான். முள்ளம்பன்றியும் முள்ளெலியும் சொன்னீங்களே. பேர்ல எலி இருக்கிறது எலிக் கூட்டமே இல்ல. அது மூஞ்சூறுக்குச் சொந்தம். பன்றின்னு பேர் வெச்ச முள்ளம்பன்றிதான் எலிக்கும் அணிலுக்கும் சொந்தம்."

"பேர் வெச்சவன் தூக்கத்துல இருந்திருப்பான்."

"இருக்கட்டும். யானைக்கு யார் சொந்தம்?"

ரிவர்ஸ் அண்ணன் தயங்கவே இல்லை. "காண்டாமிருகம்."

"இல்ல. இருபத்து நாலாம் நம்பர் கூண்டு."

இருபத்து நாலில் பாறைக்குவியல் மேல் நாலைந்து ஹைராக்ஸ் வெயில் காயும். முயல் அளவு, பழுப்பு மயிர், காது குட்டை, வால் கிடையாது. பார்த்தால் கொழுத்த பெருச்சாளி என்று தோன்றும். அந்தக் கூண்டின் முன் அவர் ஒரு நாளும் நிறுத்தியதில்லை. இப்போது சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

"நல்லா பேசுறீங்க. பிள்ளைங்க வாயைப் பொளந்து கேக்குது. அதனாலதான் தப்பா சொல்றது ஆபத்து. முதலை நீர்யானைக்குத் தம்பின்னு அதுங்க கேட்டது சாகிற வரைக்கும் மறக்காது. நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

அன்று மாலை வண்டியைக் கழுவும்போது ஒரே மிதியடியை மூன்று தரம் கழுவினார்.

நாங்கள் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறோம். அவர்கள் கீழே, நான் மேலே. அண்ணி ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் துணி தேய்க்கிறவர். இரும்பு மாதிரியே பேச்சும். சூடாக இருக்கும், ஆனால் சுருக்கத்தை எடுத்துவிடும். படியேறும்போது கேட்டது:

"ஒன்பது வருஷம் எத்தனை பிள்ளைங்ககிட்ட சொல்லியிருப்பேன்? ஒரு நாளைக்கு அம்பதுன்னு வெச்சாலும்..."

"எண்ணி என்ன செய்யப் போறீங்க? வீடு வீடாப் போய் முதலை நீர்யானைக்குத் தம்பி இல்லன்னு சொல்லப் போறீங்களா?"

"என்னை ஏமாத்தினது என் கண்ணுதான்."

"ஊர்ல இருக்கிற மிருகத்துக்கெல்லாம் சொந்தம் கண்டுபிடிக்கிற ஆளு, எங்க பெரியம்மா பேத்தி வந்தா 'இது யாரு'ன்னு கேக்குறீங்க. உங்களுக்குச் சொந்தம்னாலே பார்வை சரியில்ல. சாப்பிடுங்க."

அடுத்த இரண்டு நாள் அவர் பெட்டியைப் போட்டுக்கொண்டு, கூண்டு வரிசைப்படி ஓட்டினார். யாரும் சொல்லவில்லை, அவராகவேதான். தப்பாகப் பேசுவதற்குப் பேசாமல் இருப்பது மேல் என்று நினைத்திருப்பார். பெட்டிக்குள் ஒரு பெண் குரல். நல்ல குரல்தான். "ஒன்பது. சிங்கம். எடை நூற்றெண்பது கிலோ" என்று சொல்லும்போது சிங்கம் கூண்டுக்குள் இல்லாமல் பின்னறையில் தூங்கும். பிள்ளைகள் வெறும் புல்லைப் பார்த்து எடையைக் கேட்டார்கள். பதினைந்தாம் எண்ணுக்குள் பாதிப் பேர் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். ஒரு பையன் என் பக்கத்துச் சங்கிலியில் எத்தனை கண்ணி என்று எண்ணினான். எனக்கு அந்த இரண்டு நாளும் அவர் முதுகைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம், பெட்டி ஒரு கூண்டை முடித்து அடுத்ததற்குப் போகும் இடைவெளியில், பெரிய கண்ணாடி போட்ட ஒரு பெண் குழந்தை முன் சீட்டிலிருந்து கேட்டது:

"மாமா, பின்னாடி இருக்கிற அத்தை உங்க தங்கச்சியா?"

"இல்லையே. ஏன்?"

"ரெண்டு பேரும் நீலச் சட்டை. ரெண்டு பேருக்கும் தொப்பி. பாக்கெட்ல யானைப் படம்."

"அது யூனிஃபார்ம்மா. ஒரே இடத்துல ஒரே வேலை பார்க்கிறோம்ல, அதனால ஒரே சட்டை. அதுக்காகச் சொந்தமாகிடுமா?"

"எனக்கு நிஜமாவே அண்ணன் இருக்கான்" என்றது குழந்தை. "அவன் குண்டு. என்னை மாதிரியே இல்ல. ஆனா காது மட்டும் பாருங்க." தலைமயிரை விலக்கிக் காட்டியது. காது மடலின் நுனி கொஞ்சம் கூம்பியிருந்தது. "அவனுக்கும் இப்படித்தான். அப்பாவுக்கும். எங்க வீட்டுக் காது."

வண்டி நின்றது. எந்தக் கூண்டும் இல்லாத இடம். ஒரு பக்கம் குப்பைத் தொட்டி, மறுபக்கம் தண்ணீர்க் குழாய். பெட்டி தானாக "பதினேழு. வரிக்குதிரை" என்றது. அவர் கையை நீட்டி அதன் சத்தத்தைக் குறைத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். ஸ்டியரிங் மேல் கையைப் போட்டு உட்கார்ந்திருந்தார், நீர்யானைக்குக் காத்திருப்பது போல.

"இன்னொரு தரம் சொல்லும்மா."

"எங்க வீட்டுக் காது."

"அதுதான்" என்று வண்டியைக் கிளப்பினார்.

அன்று சாப்பாட்டு இடைவேளையில் என்னையும் கூட்டிக்கொண்டு டாக்டரின் சிகிச்சை அறை வாசலில் போய் நின்றார். அன்றைக்கென்று ஒரு ஹைராக்ஸுக்குப் பல் பரிசோதனை. டாக்டர் அதைத் துண்டில் சுற்றி மேஜை மேல் வைத்திருந்தார். அது மூக்கைச் சுளித்து எங்கள் இரண்டு பேரையும் முறைத்தது.

"டாக்டர், நான் ரெண்டைப் போட்டு ஒண்ணாக் குழப்பிட்டேன். ஒரே வேலை பார்க்கிறதால ஒரே மாதிரி ஆனது ஒரு வகை. அது சட்டை. தண்ணிக்குள்ள ஒளிஞ்சு பார்க்கிற வேலை, அதனால முதலைக்கும் நீர்யானைக்கும் தவளைக்கும் அந்தச் சட்டை. ஒரே வீட்டுல பொறந்ததால ஒண்ணா இருக்கிறது இன்னொரு வகை. அது காது. பார்த்தா வேற மாதிரி இருக்கும், தேடிப் பார்த்தா ஒரு இடத்துல மாட்டிக்கும். சரியா?"

டாக்டர் கையிலிருந்த சின்ன விளக்கை அணைத்தார். "இதைச் சொல்ல எங்களுக்கு ஒரு முழுப் பாடமே நடத்தினாங்க" என்றார். "வாங்க, வீட்டுக் காதைக் காட்டுறேன்."

ஹைராக்ஸின் முன்காலைத் தூக்கிப் பிடித்தார். பூனைக்கு இருப்பது போல் வளைந்த நகம் இல்லை. விரல் நுனியில் தட்டையாக, சின்னச் சின்னக் குளம்பு போல நகம். அடிப்பாதம் மெத்தென்று ரப்பர் மாதிரி. அப்படியே யானைக் கால், பொம்மைக்குச் செய்தது போல. பிறகு மேலுதட்டைத் தூக்கினார். முன்னால் இரண்டு கூரான பற்கள். "இது நிக்காம வளர்ந்துட்டே இருக்கும். யானைத் தந்தமும் முன்பல்லுதான், அதுவும் வளர்ந்துட்டே இருக்கும்."

ரிவர்ஸ் அண்ணன் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். "ஒன்பது வருஷமா உன் வீட்டு வாசல்ல நிக்காமப் போயிருக்கேன்" என்று அதனிடம் சொன்னார்.

"இன்னொண்ணு சொல்றேன், நம்ப மாட்டீங்க. நீர்யானைக்கு நெருங்கின சொந்தம் திமிங்கிலம்."

"நம்புறேன் டாக்டர். இப்ப எதை வேணா நம்புவேன். காது எங்க?"

"ரெண்டு குட்டியும் தண்ணிக்குள்ளயே பால் குடிக்கும். ரெண்டும் தண்ணிக்கடியில சத்தம் போட்டுப் பேசும். ரெண்டுக்கும் உடம்புல மயிரைத் தேடித்தான் பார்க்கணும்."

விஷயம் கிடைத்தது. நேரம்தான் கிடைக்கவில்லை. அவருடைய பழைய வழி ஊசியில் நூல் கோத்தது மாதிரி முன்னும் பின்னும் போகும். புதிதாக ஹைராக்ஸும் சேர்ந்தபோது அறுபது நிமிடத்தைத் தாண்டியது. ஆறு நாள் மீதி. அண்ணியின் சமையலறை மேஜையில் துணி மாட்டும் கிளிப்புகளை வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மிருகத்தின் பேர் சொல்லி வழி போட்டார். நான் நேரம் பார்க்கப் போயிருந்தேன். எதை எடுத்தாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. ஆந்தை என்று கிளிப்பை எடுப்பார், மறுபடி வைப்பார்.

அண்ணி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கூடையில எந்த வரிசையில வருதோ அந்த வரிசையில தேய்ச்சா எனக்கு ராத்திரி ஆகிடும்" என்றார். "டாக்டர் கோட்டு ஒண்ணு, படுக்கை விரிப்பு ஒண்ணு, மறுபடி கோட்டு ஒண்ணுன்னா ஒவ்வொரு தரமும் சூட்டை மாத்தணும். கோட்டெல்லாம் முதல்ல. விரிப்பெல்லாம் அப்புறம்."

"மிருகத்தை இடம் மாத்த முடியாதே."

"மிருகத்தை யார் மாத்தச் சொன்னது? உங்க பேச்சை மாத்துங்க. போகும்போது சட்டையைப் பத்தி மட்டும் பேசுங்க. திரும்பி வரும்போது வீட்டைப் பத்தி மட்டும்."

அவர் கிளிப்புகளைப் பார்த்தார். பச்சோந்தி, மீன் கூடம், முதலை, தவளை எல்லாம் போகும் பாதையில் இருந்தன. யானை, ஹைராக்ஸ், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் திரும்பும் பாதையில். பின்னால் போகவே வேண்டியதில்லை, ஒரே ஓர் இடம் தவிர.

"இவ்வளவு நாள் இதைச் சொல்லலையே."

"இவ்வளவு நாள் என்கிட்ட கேட்டீங்களா?" என்று கிளிப்புகளை அள்ளிக் கூடையில் போட்டார். "நாளைக்குத் துணி காயப்போட வேணும்."

ஆந்தையும் தேவாங்கும் மட்டும் போயின. நைட் டூட்டிக்காரர்கள், பகலில் தூங்கட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பத்தாம் நாள் காலை பதினொரு பிள்ளைகள், ஐந்து வயது, ஓர் ஆசிரியை. மேலாளர் அம்மா இரண்டாவது வரிசையில், பிள்ளைகள் சீட்டில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். டாக்டர் பின்படியில். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சங்கிலியை மாட்டினேன்.

"இன்னிக்கு ரெண்டு விளையாட்டு" என்றார் ரிவர்ஸ் அண்ணன், வண்டியை ஓட்டிக்கொண்டே. இப்போதெல்லாம் நிறுத்திவிட்டுப் பேசுவதில்லை. நிறுத்தினால் பார்ப்பதற்கு மட்டும். "போகும்போது யார் யாரெல்லாம் ஒரே சட்டை போட்டிருக்காங்கன்னு கண்டுபிடிக்கணும். வரும்போது யார் யாரெல்லாம் ஒரே வீடுன்னு."

பச்சோந்தியின் கண் இரண்டும் இரண்டு பக்கம் போனது. கடல்குதிரையின் கண்ணும் போனது. "சட்டை" என்றார்கள். முள்ளம்பன்றி, முள்ளெலி. "கடிக்க வர்றவனைக் குத்தணும். அந்த வேலைக்கு இந்தச் சட்டை." முதலை, நீர்யானை, தவளை. பிள்ளைகள் கம்பிக்குக் கீழே சரிந்தார்கள். மேலாளர் அம்மாவுக்குச் சரிய இடமில்லை.

திரும்பும் பாதையில் யானை நின்றது. காலைப் பார்க்கச் சொன்னார், நகத்தைப் பார்க்கச் சொன்னார். அடுத்தது இருபத்து நாலு. முதல் முறையாக அந்தக் கூண்டின் முன் எங்கள் வண்டி நின்றது.

"இந்தக் குட்டியூண்டுக்கும் அந்த மலைக்கும் ஒரே வீடு. எப்படித் தெரியும்?"

பிள்ளைகள் கம்பிமேல் தொங்கிக்கொண்டு தேடினார்கள். வால் என்றான் ஒருவன், வால் இல்லை. காது என்றாள் ஒருத்தி, இல்லை. ஒரு ஹைராக்ஸ் பாறை விளிம்பில் காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. "நகம்" என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். மேலாளர் அம்மா.

ஒட்டகச்சிவிங்கியிடம் எல்லோரையும் தங்கள் கழுத்தின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். "அதோ அந்தக் கழுத்துக்குள்ள எத்தனை எலும்பு?" நூறு, ஆயிரம் என்று ஏலம் போனது. "ஏழு. உன் கழுத்துலயும் ஏழு. எலிக் கழுத்துலயும் ஏழு. எண்ணிக்கை ஒண்ணு, அளவுதான் வேற. நீ, நான், எலி, அது, எல்லாம் பெரிய ஒரே வீடு."

வௌவால் கூண்டைக் கடக்கும்போதுதான் சிக்கல் வந்தது. திட்டத்தில் அது இல்லை. வழியில் இருந்தது, அவ்வளவுதான். ஒரு பையன் கேட்டான்: "வௌவால் பறவை வீடா?"

"சட்டை மட்டும் பறவைச் சட்டை. வீடு நம்ம வீடு. பால் குடிச்சு வளர்றது" என்றார் ரிவர்ஸ் அண்ணன், ஓட்டிக்கொண்டே.

"அப்ப அதுக்கு கை எங்க?"

எனக்குப் பக்கத்தில் மருந்து வாசம் நகர்ந்தது. டாக்டர் படியிலிருந்து குதித்து வண்டிக்கு முன்னால் போய்விட்டார். வண்டி நிற்கத்தான் வேண்டியிருந்தது. "இறக்கையேதான் கை. இதோ, கட்டை விரல். மத்த நாலு விரலும் இவ்வளவு நீளம். நடுவுல குடைத்துணி மாதிரி தோல்." தன் நீண்ட விரல்களை விரித்துக் காட்டினார். பிள்ளைகள் தங்கள் விரல்களை விரித்தார்கள். அவர் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் தொட்டுக் கட்டை விரலைக் காட்டிக்கொண்டு வந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ரிவர்ஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

கடைசியாக, அந்த ஒரே ஒரு ரிவர்ஸ். மீன் கூடத்தின் வெளிச்சுவரில் முழு அளவில் ஒரு திமிங்கிலம் வரைந்திருக்கிறார்கள். வண்டி சுவரோரமாகவே பின்னால் நகர்ந்தது. வாலில் ஆரம்பித்து, மணி கீங் கீங் என்று அடிக்க, தலை வரை வந்தது.

"இதுக்கு ஒரே வீடு யாருன்னா, நீர்யானை."

ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டாள். "நீர்யானை முதலைன்னு சொன்னீங்க."

"அது சட்டை. உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறார்?"

"தீயணைப்பு."

"அவர் சட்டை யார் சட்டை மாதிரி?"

"அங்க இருக்கிற எல்லா மாமாவும் மாதிரி."

"மூக்கு?"

அவள் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். "என்னை மாதிரி."

"அவ்வளவுதான்மா."

வண்டி நிலையத்துக்கு வந்து நின்றபோது முப்பத்தாறு நிமிடம் ஆகியிருந்தது. மேலாளர் அம்மா தன் கைபேசியில் நேரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "எத்தனை?"

பொய் சொல்ல எனக்கு வராது. "முப்பத்தாறு" என்றேன். ரிவர்ஸ் அண்ணன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"ஒரு நிமிஷம் கூடிப்போச்சு. எதை எடுக்கப் போறீங்க?"

"எதையும் எடுக்க முடியாதும்மா" என்றார் அவர். குரல் தணிவாகத்தான் இருந்தது, ஆனால் அசையவில்லை. "இதுல எல்லாம் ஒண்ணைப் பிடிச்சு ஒண்ணு நிக்குது. ஒண்ணை உருவினா அடுத்தது விழுந்துடும். அந்த நிமிஷத்தை நான் ஏத்தி இறக்குறதுல மிச்சம் பிடிக்கிறேன். ஆனா பேச்சுல கை வைக்க மாட்டேன்."

மேலாளர் அம்மா கொண்டையைத் தடவிப் பென்சிலை எடுத்தார், அதிசயமாக முதல் தேடலிலேயே. "வௌவால் கிட்ட எவ்வளவு நேரம் நின்னோம்?" என்று மறுபடி என்னைக் கேட்டார்.

"ரெண்டு நிமிஷம் இருபது செகண்டு."

"அது டாக்டர் செலவு" என்றார். டாக்டர் கையை விரித்தார், இன்னும் வௌவால் மாதிரி. "அதைக் கழிச்சா முப்பத்தஞ்சுக்குள்ள முடிஞ்சிருக்கு. டாக்டர், நீங்க இனிமே இந்த வண்டியில ஏறக் கூடாது. கையெழுத்தைப் போட்டுட்டு இறங்குங்க."

வண்டியின் முன் தட்டிலேயே தாளை வைத்து டாக்டர் எழுதினார். 'சொல்வது சரி' என்று எழுதி, யோசித்து, அடியில் இன்னொரு வரி சேர்த்தார்: 'சந்தேகம் வந்தால் ஓட்டுநர் என்னிடம் கேட்கிறார்.' மேலாளர் அம்மா தன் கையெழுத்தைப் போட்டு, நாலு மணிச் சுற்றும் இனி இதே வழியில் போகும் என்று பக்கத்தில் குறித்தார்.

ரிவர்ஸ் அண்ணன் தாளை ஒரு தரம் படித்து, என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பிறகு அதை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, பேட்டரி முள்ளைப் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது. அடுத்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏற்கெனவே வரிசையில் நின்று, முன் சீட்டுக்காக ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கடைசி சீட்டு, சங்கிலியை அவுத்துவிடும்மா" என்றார். "ஏறட்டும்."